நான்காம் கட்டிலின் ஒன்பது

அனுப்புநர்:
திருமதி குணலட்சுமி சுபாஸ்கரன்,
புலமைப்பரிசில் வகுப்பு ஆசிரியை,
உடுவில் மேற்கு, சுன்னாகம்.

பெறுநர்:
வைத்தியப் பணிப்பாளர் அவர்கள்,
நெய்தல் சிறுவர் வைத்தியசாலை,
அரியாலை.

பொருள்: தீவிர சிகிச்சைப் பிரிவில் கட்டில் அட்டையில் எழுதப்படும் எண்ணின் கருத்தைப் பெற்றோருக்குச் சொல்லாமை, நான்காம் கட்டிலின் தகப்பனுக்குச் செவ்வாய்க்கிழமைக்கு முன் அதைச் சொல்ல வேண்டிய அவசரம்.

மதிப்பிற்குரிய ஐயா,

முதலில் நன்றி. டெங்குக் காய்ச்சலால் நினைவிழந்து தங்களிடம் கொண்டுவரப்பட்ட என் மகன் மயூரதன் (வயது ஆறு), இப்போது சாதாரண விடுதியில், பாண் வேண்டாம் இடியப்பம்தான் வேண்டும் என்று தாதிமாருடன் சண்டை பிடித்துக்கொண்டிருக்கிறான். ஆகவே இது நன்றி கெட்டவள் எழுதும் மனு அல்ல. ஆனாலும் புகார் புகார்தான்.

1. சேர்த்த அன்று மகனின் கட்டில் அட்டையில் ஆங்கிலத்தில் பல வரிகளும், அவற்றின் கீழே வட்டமிட்டு 62 என்ற எண்ணும் இருந்தன. பதினெட்டு வருடமாக விடைத்தாள் திருத்துகிறவள் நான். வட்டத்துக்குள் ஓர் எண்ணைக் கண்டால் அதைப் புள்ளி என்றுதான் என் கண் வாசிக்கும். நாடி, மூச்சு, இரத்தம் எல்லாம் சோதித்து நூற்றுக்கு அறுபத்திரண்டு போட்டிருக்கிறார்கள், நினைவில்லாத பிள்ளைக்கு இது மோசமில்லை என்று ஆறுதலடைந்தேன். தேறுவதற்கான வெட்டுப்புள்ளி எவ்வளவு என்று ஒரு தாதியிடம் விசாரித்தேன். அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டுப் போனார். என் கணவர் கனடாவிலுள்ள தமையனாருக்கு அறிவிக்க, அவர் அதைக் குடும்ப வட்ஸ்அப் குழுவில் போட, வாழ்த்துகள் வந்து குவிந்தன.

2. பக்கத்துக் கட்டில் நான்காம் இலக்கம். குருநகரைச் சேர்ந்த கடற்றொழிலாளி இன்னாசித்தம்பி ஜெரிசனின் மகள் ஜெயனி, நியூமோனியா. அவளுடைய அட்டையில் 9. நான் ரீச்சர் என்றபடியால் தகப்பன் என்னிடம்தான் கருத்துக் கேட்டார். நானும் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல், "ஒன்பதெண்டால் கொஞ்சம் குறைவுதான் தம்பி. யோசியாதையுங்கோ, அடுத்த முறை கூட எடுப்பா" என்று சொல்லிவிட்டேன். அந்த மனிதர் சுவரில் சாய்ந்து நின்று அழுதார். இந்த மனுவின் முதலாம் குற்றவாளி நானே என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

3. மூன்றாம் நாள் நான் மறுபடியும் வெட்டுப்புள்ளியை விசாரித்தபோதுதான் வைத்தியர் சிவகௌரி விளங்கப்படுத்தினார். அது புள்ளி அல்லவாம். வந்த முதல் மணித்தியாலத்து அளவுகளை வைத்து, இதே நிலையில் வரும் நூறு பிள்ளைகளில் எத்தனை பேர் இறக்கக்கூடும் என்று கணிக்கும் எண்ணாம். அறுபத்திரண்டு பேர். என் பிள்ளை எந்தப் பக்கத்தில் என்று கேட்டேன். "அது எங்களுக்கும் தெரியாது அக்கா. அதுக்குத்தான் பக்கத்திலை நிக்கிறம்" என்றார்.

4. மகன் கண் விழித்த பிறகுதான் எனக்கு ஜெரிசனின் நினைவே வந்தது. வெட்கத்துடன் எழுதுகிறேன். ஓடிப்போய், குறைய இருப்பதுதான் நல்லது என்றேன். அவர் நம்பவில்லை. "ரீச்சர், அறுபத்திரண்டு எடுத்த உங்கடை பெடியன் எழும்பி இடியப்பம் கேக்கிறான். ஒன்பது எடுத்த என்ரை பிள்ளை இன்னும் கண் முழிக்கேல்லை. என்னை ஆத்திறதுக்குப் பொய் சொல்லாதையுங்கோ" என்றார். எத்தனையோ கெட்டிக்காரப் பிள்ளைகளின் கேள்விகளைச் சமாளித்திருக்கிறேன். இந்தக் கேள்வியைத்தான் தங்களிடம் கொண்டுவந்திருக்கிறேன்.

5. அவசரம் என்னவென்றால், ஒன்பதைக் கூட்டித் தரும்படி அவர் அந்தோனியாருக்கு நேர்த்தி வைத்திருக்கிறார். வரும் செவ்வாய்க்கிழமை குடும்பமாக மெழுகுதிரியுடன் போகிறார்கள். அறுபத்திரண்டு போதுமாம், பேராசை இல்லையாம். நான் சைவக்காரி. ஆனால் விசாரித்த அளவில் அந்தோனியார் கேட்டதைக் கொடுக்கிறவர். இதில் விஷப்பரீட்சை வேண்டாம் ஐயா.

ஆகவே, வைத்தியர் ஒருவர் செவ்வாய்க்கு முன் அவரைக் கதிரையில் இருத்தி, தாமும் இருந்து, தமிழில் சொல்ல வேண்டும். ஒன்பது என்றால் நூற்றில் தொண்ணூற்றொரு பிள்ளைகள் வீட்டுக்குப் போவார்கள். ஒன்பது பூச்சியம் அல்ல என்பதையும் மறைக்க வேண்டாம். அதைக் கேட்கும்போது அவருக்குப் பக்கத்தில் ஓர் ஆள் வேண்டும். ஒருவரும் இல்லாவிட்டால் நான் வருகிறேன். ஒரு வாரமாக அந்த மனிதர் நல்ல செய்திக்காக அழுதுகொண்டிருக்கிறார். என்னால் அதைப் பார்க்க முடியவில்லை.

இனி வரும் பெற்றோருக்கும் முதல் நாளே இதைச் சொல்லும்படியும், குறைந்தது அந்த வட்டம் போடுவதையாவது நிறுத்தும்படியும் தாழ்மையுடன் கேட்கிறேன்.

தங்கள் நடவடிக்கையை விடுதி வாசலிலேயே நின்று எதிர்பார்க்கும்,

சு. குணலட்சுமி

இடம்: அரியாலை
திகதி: 18.01.2025, சனிக்கிழமை

பிரதி: அந்தோனியார் சிற்றாலயம், மன்றாட்டுப் பெட்டி. குறித்த தகப்பனின் மன்றாட்டில் "கூட்டி" என்று வரும் இடமெல்லாம் "குறைத்து" எனத் திருத்தி வாசிக்கவும். பிள்ளையின் பெயர் ஜெயனி. வயது மூன்று.