வெல்டர் அண்ணன் போட்ட கையெழுத்து

அன்பு மனைவிக்கு,

நலமா? அத்தைக்கு முழங்கால் வலி குறைந்ததா? எனக்கு உடம்பு பெருத்ததைத் தவிர வேறு குறையில்லை.

எடை குறைக்கும் ஆபரேஷனுக்கு இன்சூரன்ஸ்காரர்கள் கேட்ட ரத்தம், இதயம், தூக்கம் என எல்லாப் பரிசோதனையிலும் தேறிவிட்டேன். பள்ளிக்கூடத்தில்கூட நான் இப்படித் தேறியதில்லை.

ஆபரேஷனுக்கு மனசும் தயாரா என்று பார்க்க வேண்டுமாம்; நேற்று மனநல மருத்துவர், "ஆபரேஷன் முடிஞ்சா வீட்டுல யாரு பாத்துக்குவாங்க?" என்று கேட்டார். நீயோ ஊரில் இருக்கிறாய். துணைக்கு வந்திருந்த வெல்டர் அண்ணன், என் அறையில் தங்கியிருப்பவர், "ஏன், நான் இருக்கேன்ல? கஞ்சி வச்சுத் தர மாட்டேனா?" என்று சொல்லிப் பொறுப்புப் படிவத்தில் கையெழுத்தே போட்டுவிட்டார். நெஞ்சு நிறைந்துவிட்டது.

இனி என் பழைய எடைச் சீட்டு மட்டும்தான் பாக்கி. பீரோவில் இருக்கும், படமெடுத்து அனுப்பு. அது, நான் பல வருஷமாகவே குண்டு என்று இன்சூரன்ஸுக்குக் காட்ட. எனக்கு, சீட்டைப் பிடித்தபடி நீ நிற்கிற படம் ஒன்று.

வேலைக்குப் போகும் வண்டி ஹாரன் அடிக்கிறது.

இன்னும் கொஞ்ச நாளைக்கு மட்டும்,
உன் குண்டு மாமா