டீயோடு போடுவது

ஏப்ரல் 7, திங்கள்

காலையிலேயே புழுக்கம். மரக்காணத்தில் பஸ் ஏறினால் நிற்கத்தான் இடம். பொம்மையார்பாளையம் தாண்டித்தான் சீட் கிடைத்தது. முட்டிக்கு அதற்குள் கோபம்.

மெடிசின் வார்டில் முதல் நாள். வெள்ளை கோட் கசங்கக்கூடாது என்று பைக்குள் வைத்திருந்தேன். வாசலில் செக்யூரிட்டி தடுத்தார். "பாஸ் காட்டும்மா. பேஷன்ட்டுக்கு ஒருத்தர்தான்." கோட்டை எடுத்துக் காட்டியதும் எழுந்து நின்று சல்யூட். "பெரிய டாக்டருன்னு தெரியாதுங்க மேடம்."

இரண்டும் இல்லை. மூன்றாம் வருஷ மாணவி, வயது நாற்பத்து மூன்று. பிளஸ் டூ பிள்ளைகளுக்கு விலங்கியல் நடத்தி, அவர்கள் எழுதிய நீட்டைக் கடைசியில் நானும் எழுதி வந்தவள். தினமும் யாரிடமாவது இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது. இங்கேயும் எழுதியாயிற்று.

ரவுண்ட்ஸ். சீஃப் எல்லாரையும் கேள்வியால் வறுத்தார். என் ஜோடி ஹரிணிக்குக் கண் கலங்கிவிட்டது. என்னிடம் வந்ததும் குரல் இறங்கியது. "மேடம், நீங்க பாத்துக்குங்க, போதும்." என்னைவிடச் சின்னவர். மரியாதைதான். கல்யாண வீட்டில் பந்திக்குக் கூப்பிடாமல் நாற்காலி மட்டும் போட்டுக் கொடுத்த மாதிரி.

எனக்கும் ஹரிணிக்கும் ஒரு கேஸ். வள்ளி அக்கா, வாசலோரக் கட்டில். எங்கள் ஊர்ப்பக்கம், உப்பளத்தில் உப்பு வாரும் வேலை. கால் வீக்கம், சிறுநீர் குறைச்சல், கிரியாட்டினின் ஏறிக்கொண்டே இருக்கிறது. சுகர் இல்லை, பிரஷர் இல்லை. கிட்னி ஏன் கெட்டது என்று தெரியவில்லை. இன்னும் ஏறினால் டயாலிசிஸ். வெள்ளிக்கிழமை சீஃப் முன்னால் நாங்கள் சொல்ல வேண்டும்.

ஏப்ரல் 8, செவ்வாய்

வெயில். பையில் மோர் கொட்டி, புத்தகம் நாறுகிறது.

வள்ளி அக்காவிடம் வரிசையாக எல்லாம் கேட்டோம். காய்ச்சல், கல், பாம்புக்கடி, நாட்டு மருந்து. எதுவும் இல்லை. மாத்திரை ஏதாவது சாப்பிடுவீங்களா? "நமக்கு ஏதும்மா மாத்திரை. ஆஸ்பத்திரி வாசப்படியே இப்பதான் மிதிக்கிறேன்." பிஜி டாக்டர் கேட்டபோதும் இதே பதில்தானாம். மருந்து: இல்லை என்று எழுதினேன்.

ஒடம்புல உப்பு ஏறிப்போச்சுன்னு சொல்றாங்களே, காலம் பூரா உப்புலயே நிக்கிறவளுக்கு ஏறாம என்ன பண்ணும் என்று அவளே சிரித்தாள். ஹரிணி அந்தப் பக்கம் போனதும் என் கையைப் பிடித்தாள்.

"மெஷின்ல போட்டா அப்புறம் எறங்கவே முடியாதாமே. நெசமா?"

சிலருக்கு இறங்கிவிடும் என்றேன். காரணம் தெரிந்தால் என்பதைச் சொல்லவில்லை.

வாங்க: முட்டிக்கு பெல்ட். சோப்புத் தூள். வீட்டுக்காரர் சேகரின் கண்ணாடிக்கு ஸ்க்ரூ.

ஏப்ரல் 9, புதன்

பஸ்ஸிலேயே எழுதுகிறேன், கையெழுத்து கோணும். பரவாயில்லை.

ரவுண்ட்ஸுக்கு முன் கேன்டீன். ஹரிணிக்குக் கேள்வி கேட்கப் பயிற்சி வேண்டும், நான் பேஷன்ட். முட்டி வலி என்றேன், நிஜம்தானே. எப்போதிலிருந்து, ஏறினால் வலிக்குமா, இறங்கினால் வலிக்குமா என்று நன்றாகவே கேட்டாள். "மாத்திரை எதுனா சாப்பிடுறீங்களா?" இல்லை என்றேன்.

அவள் பேனாவை வைத்துவிட்டாள். "அக்கா, இப்பதானே டீல ஒண்ணு போட்டீங்க."

வலி மாத்திரை. உறையே இன்னும் தட்டில் கிடந்தது. பொய் சொல்லவில்லை. அது மாத்திரை என்ற நினைப்பே எனக்கு இல்லை. வார்டில் நிற்பதற்காகப் போடுவது, அவ்வளவுதான்.

அப்புறம்தான் உறைத்தது. விடிகாலை பஸ் ஸ்டாப் டீக்கடை. உப்பளம் போகும் பெண்கள் கும்பலாக நிற்பார்கள். டீ, ஒரு பன், பெட்டிக்கடையில் பிரித்து விற்கும் ஒரு வலி மாத்திரை. வருஷக்கணக்காகப் பார்க்கிறேன். பார்த்துக்கொண்டே பஸ் ஏறுகிறேன்.

டீயை அப்படியே விட்டுவிட்டு வார்டுக்கு ஓடினோம். முட்டி மறந்துபோயிற்று. மாத்திரை என்ற சொல்லை இந்த முறை எடுக்கவே இல்லை. அளத்துக்குப் போறப்ப டீ கூட என்னக்கா போடுவீங்க?

"அதுவா? வெள்ளையா ஒண்ணு. வெயில் ஏறிடுச்சுன்னா ரெண்டு. அது போட்டாதாம்மா இடுப்பு குனியும்."

அதைத்தான் நேத்து கேட்டேன் என்றேன்.

"ஒடம்பு முடியாம போடுறதுதானே மாத்திரை. இது வேலைக்குப் போறதுக்கு."

கட்டில் அடியிலிருந்த கூடையில் இன்னும் கொஞ்சம் இருந்தது. வார்டிலும் இடுப்பு வலிக்குப் போட்டிருக்கிறாள். தண்ணீரும் குடிப்பதில்லையாம். வெட்டவெளி, ஒதுங்க மறைவு கிடையாது. பிஜி டாக்டரிடம் ஓடிச் சொன்னேன். அவர் கூடையையே தூக்கிக்கொண்டு போய்விட்டார். வள்ளி அக்கா என்னை முறைத்தாள்.

ஏப்ரல் 11, வெள்ளி

நேற்று எழுத நேரமில்லை. படித்தேன், படித்தேன். சேகர் செய்த ரசத்தில் உப்பு இல்லை, சொல்லவில்லை.

இன்று கேஸ். ஹரிணி பாதி, நான் பாதி. டீக்கடையைச் சொன்னபோது சீஃப் நிமிர்ந்து பார்த்தார். எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்றார். நானும் போடுகிறேன் சார், நானும் இல்லை என்றுதான் சொன்னேன், இவள் பிடித்துவிட்டாள் என்றேன். ஹரிணி காது சிவந்துவிட்டது.

பிறகு என்னைக் கேட்க ஆரம்பித்தார். வலி மாத்திரை கிட்னியில் ரத்த ஓட்டத்தை எப்படிக் குறைக்கிறது? தண்ணீர் இல்லாதபோது ஏன் மோசம்? சொன்னேன். அடுத்தது. சொன்னேன். அதற்கடுத்தது தெரியவில்லை.

"இது தெரியாம வார்டுக்கு வராதீங்க. நாளைக்குப் படிச்சுட்டு வந்து சொல்லணும்."

எல்லார் முன்னாலும். மேடம் என்றுகூடச் சொல்லவில்லை. பஸ்ஸில் வழி நெடுக அதையே நினைத்துக்கொண்டு வந்தேன். திட்டு வாங்கி இவ்வளவு சந்தோஷப்பட்டது எப்போது என்று ஞாபகமில்லை.

முக்கியமானதை விட்டுவிட்டேன். ரவுண்ட்ஸ் முடிந்ததும் எல்லா மாணவர்களையும் கட்டில் கட்டிலாக அனுப்பி, டீயோடு என்ன போடுறீங்க என்று கேட்கச் சொன்னார். ஒரு மீன்காரம்மா, ஒரு சித்தாள். இன்னும் இருக்கிறார்களாம்.

ஏப்ரல் 15, செவ்வாய்

புத்தாண்டு லீவு முடிந்து வார்டு. பஸ்ஸில் வேப்பம்பூ வாசனை, யாரோ பையில்.

வள்ளி அக்காவுக்குக் கிரியாட்டினின் இறங்குகிறது. சிறுநீர் நன்றாகப் போகிறது. டயாலிசிஸ் பேச்சு இல்லை. வலிக்கு வேறு மருந்து எழுதுகிறார்கள்.

இரண்டு முறை கழிவறைக்குப் போய் நின்றேன், அழுகை வருமோ என்று. வரவில்லை. கண்ணாடியில் பார்த்தேன், சும்மா.

மாத்திரை இல்லாமல் முழு ரவுண்ட்ஸும் நின்றேன். வலித்தது. நின்றேன்.

மத்தியானம் கோட்டைக் கழற்றிக் கையில் போட்டுக்கொண்டு திரும்பி வந்தால், வாசலில் புது செக்யூரிட்டி. பார்வையாளர் நேரம் முடிஞ்சிடுச்சும்மா, வெளியில இருங்க. கோட்டைக் காட்டப் போனேன். அதற்குள் வாசலோரக் கட்டிலிலிருந்து வள்ளி அக்கா.

"ஏம்பா, அது படிக்கிற பொண்ணு. உள்ள விடு."