படத்தில் அம்மாவுக்கு விட்ட இடம்

மன்னாரில் மண்ணுக்குள்ளும் லண்டனில் எங்களோடும் இருக்கிற என் அம்மாவுக்கு,

நீங்கள் லண்டனைச் சுற்றிப் பார்த்துவிட்டீர்கள். உங்களுக்கே இது செய்தியாக இருக்கும் என்பதால் முதலில் சொல்லிவிடுகிறேன். விசாவுக்குப் போட்ட தடவையெல்லாம் இல்லையென்று சொன்ன ஊருக்கு, கண்மூடியபிறகு வந்து சேர்ந்திருக்கிறீர்கள். டவர் பிரிட்ஜில் நிற்கிறீர்கள், பெரிய மணிக்கூட்டுக் கோபுரத்தின் கீழ் நிற்கிறீர்கள், தேம்ஸ் ஆற்றங்கரையில் என்னை ஒட்டிக்கொண்டு நிற்கிறீர்கள். எல்லாவற்றிலும் அதே நாவல் நிறச் சேலைதான்.

எப்படி வந்தீர்கள் என்று சொல்ல வேண்டும். நீங்கள் போன பிறகு வீட்டில் நடந்தது எதுவும் உங்களுக்குத் தெரியாதே. அல்லது தெரியுமா?

நீங்கள் கண்மூடிய கிழமை நான் இங்கே ஆஸ்பத்திரியில் சத்திரசிகிச்சை முடிந்து கிடந்தேன். விமானம் ஏறவே கூடாது என்று டொக்டர் சொல்லிவிட்டார். செத்தவீட்டைத் தம்பி ஜூட் போனைத் தூக்கிப் பிடித்துக் காட்டினான். பெட்டி மூடுகிற நேரம் பார்த்துப் படம் அப்படியே உறைந்துபோனது. திரும்ப அசைந்தபோது எல்லோரும் உங்களைப் புதைக்கச் சேமக்காலைக்கு நடந்துகொண்டிருந்தார்கள். மூடியதை நான் பார்க்கவில்லை அம்மா.

அப்பாவின் மறதி உங்களுக்குத் தெரிந்ததுதான். நீங்கள் இருந்தபோது மூக்குக்கண்ணாடியை மறந்தார், சாப்பிட்டதை மறந்தார். நீங்கள் போனபிறகு, நீங்கள் போனதையே மறந்தார். காலையில் எழும்பியதும் உங்களைத் தேடுவார். தம்பி உண்மையைச் சொல்வான். அப்போதுதான் முதன்முதலாகக் கேட்பதுபோல் குழறி அழுவார். பின்னேரம் மறந்துவிடுவார், மறுநாள் காலையில் திரும்பவும் கேட்பார். அந்த வீட்டில் தினமும் உங்கள் செத்தவீடு நடந்துகொண்டிருந்தது.

ஒருநாள் தம்பிக்கு ஏலாமல் போய்விட்டது. அம்மா லண்டனுக்கு அக்காவிடம் போயிருக்கிறா என்று சொல்லிவிட்டான். அப்பா, அப்படியா, விசா கிடைத்துவிட்டதா என்று கேட்டுவிட்டு, இருந்து இடியப்பம் சாப்பிட்டாராம். தம்பி எனக்குப் போன் எடுத்து, அடி வாங்கப்போகிறவன்போல் பயந்து பயந்து இதைச் சொன்னான். நான் ஏசவில்லை. என்ன சொல்லி ஏசுவது?

அன்றிலிருந்து அப்பா போனில் வரும்போதெல்லாம் நீங்கள் குளிக்கிறீர்கள். இல்லாவிட்டால் கோயிலுக்குப் போயிருக்கிறீர்கள். அதுவும் இல்லாவிட்டால் இப்போதுதான் சரிந்து படுத்தீர்கள். நாங்கள் இருக்கிற நோர்பரியில் உங்களைப்போல் இவ்வளவு குளிக்கிற மனுசி வேறு யாரும் இருக்கமாட்டா.

பகிடி விடுகிறேன் என்று நினைக்காதீர்கள். அம்மா குளிக்கிறா என்று சொல்லிவிட்டு அதே வாயால் நான் எப்படி ஒப்பாரி வைப்பேன்? உங்கள் பேருக்கு ஒரு பூசை கொடுக்கக்கூட எனக்குத் துணிவு வரவில்லை. கோயிலில் ஃபாதர் உங்கள் பேருக்கு முன்னால் ‘காலஞ்சென்ற’ என்று வாசித்துவிட்டால், மறுநாள் அப்பாவிடம் எந்த முகத்தோடு பொய் சொல்வது? எனக்கு அழ வேண்டும்போல் இருந்தது. அழுதால் நீங்கள் செத்துவிடுவீர்கள்போலவும் இருந்தது. குளியலறைக் கதவு பூட்டியிருந்தால் உள்ளே நீங்கள்தானோ என்று ஒரு கணம் நின்று கேட்கிற அளவுக்கு வந்துவிட்டேன்.

அப்படியிருக்கும்போதுதான் அப்பா படம் கேட்டார். இவ்வளவு காலம் லண்டனில் நின்று ஒரு படம்கூட அனுப்பவில்லையே, அவவுக்கு ஏதும் வருத்தமோ என்று தம்பியைப் போட்டுத் துளைத்தார். சாப்பாட்டையும் குறைத்துக்கொண்டார். படம் போகாவிட்டால் திரும்பவும் அந்தக் காலைகள் தொடங்கிவிடும் என்று தம்பி சொன்னான்.

யோசனை உங்கள் மருமகனுடையது. றெஜியை உங்களுக்குத் தெரியும்தானே, கோயிலில் பிள்ளைகளின் முதல்நன்மைப் படம் எல்லாம் அவர்தான் எடுப்பார். நாங்கள் லண்டனின் முக்கியமான இடங்களுக்குப் போய், எனக்குப் பக்கத்தில் ஒரு ஆள் நிற்கிற அளவுக்கு இடம் விட்டுப் படம் எடுப்பது. பிறகு கொம்பியூட்டரில் உங்களை அந்த இடத்தில் கொண்டுவந்து வைப்பது. எங்கள் சனத்துக்கு இது புதிதா என்ன? கலியாணத்துக்கு வர முடியாத தாய்தகப்பனை ஸ்டூடியோவில் கொடுத்துக் குடும்பப் படத்தில் ஒட்டிய படங்கள் எத்தனை வீட்டுச் சுவரில் தொங்குகின்றன. எங்கள் கலியாணப் படத்தில் நீங்களும் அப்பாவும் அப்படித்தானே நிற்கிறீர்கள்.

இரண்டு பேரும் ஒரு கிழமை லீவு போட்டோம். வீட்டிலிருந்து போய்வந்தால் நான் உடுப்புத் தோய்க்கத் தொடங்கிவிடுவேன் என்று சொல்லி, ஆற்றுக்குக் கிட்ட ஒரு சின்ன ஹோட்டலில் அறை எடுத்தார். நோர்பரியில் ரயில் ஏறினால் அரைமணித்தியாலத்தில் வருகிற இடத்துக்குப் பெட்டி கட்டிக்கொண்டு போனோம். இந்த ஊரில் இத்தனை வருசம் இருந்தும் இதையெல்லாம் பஸ் ஜன்னலுக்குள்ளால்தான் பார்த்திருக்கிறோம். வேலைக்குப் போவோம், கடைக்குப் போவோம், கோயிலுக்குப் போவோம். எங்களைவிடச் சுற்றிப் பார்க்க வருகிற ஜப்பான்காரருக்கு லண்டன் தெரியும்.

முதல் காலையே சாப்பாட்டு அறையில் றெஜி மூன்று கோப்பைத் தேநீரோடு வந்தார். மேசையில் வைத்தபிறகுதான் அவருக்கே விளங்கியது. இரண்டு பேரும் அந்த மூன்றாவது கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அதைத் திருப்பிக் கொடுக்க இருவருக்கும் மனம் வரவில்லை.

டவர் பிரிட்ஜில் நல்ல வெளிச்சம். காலையில் எடுத்தால்தான் சனம் குறைவு, வெயிலும் முகத்தில் சாய்வாக விழும் என்று றெஜி விளங்கப்படுத்தினார். பிறகு என்னைச் சீர்படுத்தத் தொடங்கினார்.

“இஞ்சேரும், வலப்பக்கம் இன்னும் கொஞ்சம் தள்ளி நில்லும். மாமிக்கு இடம் காணாது.”

தள்ளி நின்றேன். மாமி உம்மைவிடக் கட்டை, கையைக் கொஞ்சம் இறக்கி அவவின்ர தோளைச் சுத்திப் போடும் என்றார். போட்டேன். காற்றில் ஒரு தோளைச் சுற்றிக் கையைப் போட்டுக்கொண்டு, சிரித்துக்கொண்டு நிற்பதை நீங்கள் ஒருக்கால் செய்து பாருங்கள். கை கடுக்கும். போகிறவர் வருகிறவர் எல்லாம் எங்களை ஒரு மாதிரிப் பார்த்தார்கள். ஒரு வெள்ளைக்கார அம்மா அன்பாக வந்து, நீங்கள் இருவரும் சேர்ந்து நில்லுங்கள், நான் எடுத்துத் தருகிறேன் என்றார். எடுக்கும்போது, இன்னும் நெருங்கி நில்லுங்கள், நடுவில் இடம் கிடக்கிறது என்றார். றெஜி எனக்கும் தனக்கும் நடுவிலிருந்த அந்த இடத்தைப் பார்த்தார். பரவாயில்லை, அப்படியே எடுங்கள் என்று சொன்னார்.

அதற்குப்பிறகு நீங்கள் எங்களை விடவில்லை. ஆற்றில் படகு ஏறியபோது பக்கத்து இருக்கையில் என் கைப்பையை வைத்திருந்தேன். யாராவது இருக்கிறார்களா என்று ஒருவர் கேட்டார். ஓம், என் அம்மா என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது. அவர் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு அப்பால் போனார். கரைக்கு வரும்வரை அந்த இருக்கையை நான் திரும்பிப் பார்க்கவேயில்லை. பார்த்தால் வெறுமையாக இருக்கும் என்று பயமா, வெறுமையாக இருக்காது என்று பயமா, எனக்கே தெரியவில்லை.

மணிக்கூட்டுக் கோபுரத்துக்கு முன்னால் ஆற்றங்கரைச் சுவரோடு நின்றபோதுதான் அது நடந்தது. வழக்கம்போல் கையை உங்கள் தோள் உயரத்தில் பிடித்திருந்தேன். றெஜி எடுத்து முடித்துவிட்டார், கையை இறக்கும் என்றார். நான் இறக்கவில்லை. கை கடுக்கவில்லை அம்மா. அதில் ஒரு சின்னப் பாரம் இருந்தது. கோயிலில் நெடுநேரம் நின்று களைத்தால் என் கையில் சாய்வீர்களே, அவ்வளவு பாரம்.

றெஜியின் முகம் மாறியது. பக்கத்தில் வந்து, என்ன, சுகமில்லையோ என்று கேட்டார். நான் கையை எடுத்துவிட்டேன். பிறகு கமராவில் பார்த்தோம். மற்றப் படங்களில் எல்லாம் கை அங்குமிங்கும் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. அந்தப் படத்தில் மட்டும் சரியாக உங்கள் உயரத்தில், ஆறுதலாக இருந்தது. நீங்கள்தானா? வந்தனீங்கள் என்றால் ஏன் ஒரு வார்த்தை கதைக்கவில்லை?

மிச்ச நாட்களில் விடுமுறைக்கு வந்தவர்கள்போல் ஐஸ்கிறீம் சாப்பிட்டோம், புறாக்களைப் பார்த்தோம், கால் நோக நோக நடந்தோம். றெஜி என்னைச் சிரிக்கவைக்கப் பாடுபட்டார், பாவம். எங்கே நின்றாலும் என் இடப்பக்கம் மட்டும் குளிர்ந்துகொண்டிருந்தது.

வீட்டுக்கு வந்தபிறகு உங்களைத் தேடி எடுப்பதுதான் பெரும்பாடாய்ப் போனது. தம்பி அனுப்பின படங்களில் ஒன்றில்கூட நீங்கள் நேரே பார்க்கவில்லை. தலையைத் திருப்பிக்கொண்டோ, குனிந்துகொண்டோதான் நிற்கிறீர்கள். கடைசியில் விசாவுக்கென்று எடுத்த படம்தான் சரிவந்தது. சேலையோடு நிற்கிற உடம்பைத் தம்பி மகளின் முதல்நன்மைப் படத்திலிருந்தும் முகத்தை விசாப் படத்திலிருந்தும் எடுத்து, றெஜி உட்கார்ந்து ஒட்டினார். திறமாகத்தான் செய்திருந்தார். நான் மட்டும் நெடுநேரம் பார்க்கமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். விசா கேட்கிற முகத்தோடு நீங்கள் லண்டனில் நிற்கிறீர்கள்.

படங்கள் போயின. அடுத்தநாள் எங்களுக்கு மதியம், அங்கே வெயில் சாய்கிற நேரம், தம்பி வீடியோவில் போன் எடுத்தான். அப்பா தம்பியின் மற்றப் போனில் படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தார். தம்பி என்னைப் பார்த்துக் கண்ணால் சிரித்தான். எல்லாம் சரிவந்துவிட்டது என்று இரண்டு பேரும் நினைத்தோம்.

அப்பா தம்பியிடம் தேத்தண்ணி கேட்டார். அவன் குசினிக்குள் போகும்வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, போனை முகத்துக்குக் கிட்டக் கொண்டுவந்தார்.

“பிள்ளை, இதில கொம்மா கமராவைப் பாக்கிறா.”

ஓம் அப்பா என்றேன்.

“அவ எப்பவாவது கமராவைப் பாத்தவவே? படம் எடுக்கேக்க அவ உங்களையெல்லோ பாத்துக்கொண்டு நிப்பா.”

தம்பி அனுப்பின படங்களில் நீங்கள் எங்கே பார்த்துக்கொண்டு நின்றீர்கள் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. அப்பா குரலை இன்னும் தாழ்த்திக்கொண்டார்.

“அவ செத்துப் போட்டா, என்ன?”

எத்தனையோ மாதமாக நான் யாரிடமும் சொல்லாத சொல். ஓம் அப்பா, அம்மா செத்துப் போட்டா என்று சொன்னேன். சொன்னதும் நெஞ்சுக்குள் பெட்டி மூடுகிற சத்தம் கேட்டது. அப்பா அழவில்லை. நான் அழுவதைப் பார்த்துக்கொண்டு, அழு பிள்ளை, அழு என்று மெல்லச் சொல்லிக்கொண்டிருந்தார். குசினியில் கோப்பைச் சத்தம் கேட்டதும் அவசரமாகக் குனிந்தார்.

“தம்பிக்குச் சொல்லிப் போடாத. கொம்மா லண்டனில எண்டு அவன் நம்பிக்கொண்டிருக்கிறான். பாவம், அவன் தாங்கமாட்டான்.”

தம்பி தேத்தண்ணியோடு வந்தான். அப்பா அதை வாங்கிக்கொண்டு, கொம்மா நல்லா இருக்கிறா, லண்டன் குளிர் அவவுக்குப் பிடிச்சிட்டுது என்று அவனுக்குச் சொன்னார். நான் போனை றெஜியிடம் கொடுத்துவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பி நின்று, அன்றைக்குத்தான் அம்மா, உங்களுக்காக அழுதேன்.

மறுநாள் காலையில் அப்பா திரும்பவும் போன் எடுத்தார். கொம்மா எழும்பிட்டாவோ என்று கேட்டார். பக்கத்தில் தம்பி நின்றான். மறந்துபோய்க் கேட்டாரா, தம்பிக்காகக் கேட்டாரா? இன்றுவரை எனக்குத் தெரியாது. எழும்பிட்டா அப்பா, குளிக்கிறா என்றேன். நல்லது என்றார்.

வருகிற ஞாயிறு உங்கள் பேருக்குப் பூசை கொடுத்திருக்கிறேன். இனி உங்களைப் படத்தில் ஒட்டமாட்டோம். அப்பா கேட்டால் மட்டும் நீங்கள் இங்கே இருப்பீர்கள், அதற்கு நீங்களும் சம்மதிக்க வேண்டும்.

மார்கழியில் ஊருக்கு வருவேன். வந்து ஒருநாள் காலையில், தம்பியை ஏதாவது சாட்டுச் சொல்லிக் கடைக்கு அனுப்பிவிட்டு, அப்பாவின் கையைப் பிடித்துச் சேமக்காலைக்குக் கூட்டிக்கொண்டு வருவேன். எங்கே போகிறோம் என்று அப்பாவுக்குத் தெரிந்தாலும் சரி, தெரியாவிட்டாலும் சரி. இரண்டு பேரும் உங்களிடம் கொஞ்ச நேரம் இருந்துவிட்டு, முகத்தைக் கழுவிக்கொண்டு வீட்டுக்குப் போவோம். தம்பிக்குச் சொல்லமாட்டோம்.

உங்கள் மூத்த பிள்ளை,
ஜெசிந்தா