கடலுக்குப் போன உன் படகு

என் பிரியமுள்ள அக்கா,

உன் படகு கடலுக்குப் போய்விட்டு வந்தது. ஓட்டியது உன் மகள்.

கடலூர் மணலில் கவிழ்ந்து கிடந்த அந்தப் பழைய பாய்மரப் படகை நீ லாரியில் ஏற்றி வேங்கிக்காலுக்குக் கொண்டுவந்தபோது தெருவே சிரித்தது. ஜனங்கள் மலை சுற்ற வருகிற, கடலே இல்லாத ஊரில் படகு எதற்கு? கச்சேரி இல்லாத நாட்களில் வயலினை உள்ளே வைத்துவிட்டு உளியோடு உட்காருவாய். பலகையைத் தட்டிக் காது கொடுப்பாய். "இங்க உளுத்துப்போச்சுடா, சத்தத்துக்கு உயிரே இல்ல பாரு" என்பாய். பாதிப் பலகைகளை மாற்றியிருந்தபோது உன் இதயம் நின்றுபோனது.

மீதியை உன் மகள் மீரா முடித்தாள். விற்றுவிடலாம் என்று நான் எத்தனையோ தடவை சொன்னேன். அப்பாவும் இல்லாத பெண். உனக்குப் பிறகு அவளுக்கு நான் ஒருவன்தானே? அவளோ புதுச்சேரிக்குப் போய்ப் பாய்மரம் ஓட்டக் கற்றுக்கொண்டு வந்து நின்றாள்.

போன வாரம் அந்தப் புதுச்சேரிக் கடலில்தான் படகை இறக்கினோம். இறக்கியதுமே பலகை இடுக்குகளில் தண்ணீர் கசிந்து உள்ளே ஏறியது. "போதும்மா, ஊருக்குப் போயிடலாம்" என்றேன்.

"காஞ்ச மரம் மாமா. ஊறி உப்பினா இடுக்கு தானா மூடிக்கும்னு அம்மா சொல்லியிருக்காங்க. கொஞ்ச நாள் தண்ணியிலயே கெடக்கட்டும்."

கசிவு நின்றது. எனக்குத் தூக்கம்தான் வரவில்லை.

நேற்றுக் காலை தனியாகக் கிளம்பினாள். மிதவைச் சட்டையின் வார்களை நானே இழுத்து இழுத்துப் பார்த்தேன். தூரத்தில் காற்று திரும்பியதும் படகு ஒரு பக்கமாகச் சாய்ந்தது. பாய் தண்ணீரைத் தொட்டதுபோல் இருந்தது. அப்புறம் கண்ணிலேயே படவில்லை. போன் அடித்தேன், எடுக்கவில்லை. கரையில் இருந்த மீனவர் ஒருவரிடம் ஓடினேன். "அண்ணே, எங்க பொண்ணு தனியா போயிருக்கு. கொஞ்சம் பார்த்துட்டு வரீங்களா?" உன்னிடமும் கெஞ்சினேன். கேட்டதா அக்கா?

அவர் தன் படகைத் தள்ளும்போதே உன் வெள்ளைப் பாய் தெரிந்தது.

"ஏன் மாமா அழுவுறீங்க? காத்து ஜாஸ்தியானா சாஞ்சுதான் ஓடும்" என்றாள், இறங்கி வந்தவள். ஞாயிற்றுக்கிழமை இன்னும் தூரம் போகிறாளாம். வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன். அவள் முகம் அவ்வளவு சந்தோஷமாக இருந்ததை நீ போனபிறகு நான் பார்த்ததில்லை. பாயைச் சுருட்ட அவளுக்குக் கை கொடுத்தேன்.

இனிமேல் கரையில் நின்று பயப்பட என்னால் ஆகாது. ஞாயிற்றுக்கிழமை நானும் ஏறுகிறேன். பயம் போகாது, அவள் பக்கத்தில் உட்கார்ந்து பயப்படுவேன். இது உனக்கு நான் தரும் வாக்கு.

நீச்சல் தெரியாத,
உன் கூடப்பிறந்த தம்பி