அடைக்கோழிக்கு அடியில்

ஏலே ரசலையா,

குழித்துறைச் சந்தைக்குப் போகிறேன். மரச்சீனிக் கிழங்கு அவித்து வைத்திருக்கிறேன், மீன்கறி உறியில் இருக்கிறது. கர்லாக்கட்டை சுற்றும் பயல்கள் உன்னை எலும்பன் என்கிறார்கள் என்று ராத்திரி நீ சொன்னபோது நானும் சிரித்தது தப்புதான். அதற்காகப் பட்டினி கிடக்காதே. பட்டினி கிடந்தால் புஜம் வராது.

எலிசா சித்தி வருவாள். சட்டை போட்டுக்கொண்டு கதவைத் திற. போன தடவை நெஞ்சை விரித்து நீ நின்ற நிற்பைப் பார்த்து, "பிள்ளைக்கு மூச்சு முட்டுதாக்கா?" என்று கேட்டாள்.

நீ தூக்கிப் பழகும் குழவியை ஆட்டுரலில் திரும்ப வை. மாவு ஆட்ட வேண்டும்.

மறந்துவிட்டேன்: அடைக்கோழி ஏன் இன்னும் குஞ்சு பொரிக்கவில்லை என்று காலையில்தான் தூக்கிப் பார்த்தேன். அடியில் எல்லாம் ஆற்றுக் கூழாங்கல்! முட்டையைப் பச்சையாய்க் குடித்துவிட்டுக் கல்லை வைத்தது நீதானே? பக்கத்து வீட்டில் வேறு முட்டை வாங்கிக் கோழிக்கு அடியில் வைத்திருக்கிறேன். அதைத் தொட்டால் கையை ஒடிப்பேன். உனக்குள்ள முட்டை சட்டியில் தனியாக இருக்கிறது.

உடம்பைக் கல்லாக்கணும் என்று நிற்கிறாய். கல்லை அடைகாக்கிறவள் பாடு என்னவென்று அந்தக் கோழியிடம் கேள். இல்லாவிட்டால் என்னிடம் கேள்.

அம்மா