தொட்டியில் எரிந்த விளக்கு

இன்று காலை மீன் தொட்டிக் கண்ணாடியைத் தேய்த்து முடித்துக் கை துடைக்கும்போது அந்த வாசனை வந்தது. உப்பும் ஈரப் பாசியும் கலந்த வாசனை. ஞாயிற்றுக்கிழமைகளில் நீங்கள் சாப்பிட உட்காரும்போது உங்கள் கையிலிருந்து வருமே, அதே வாசனை. "சோப்பு போட்டுக் கழுவிட்டு வாங்க" என்று எத்தனை தடவை விரட்டியிருக்கிறேன். இன்று நான் சோப்பைத் தொடவில்லை.

நம் முதுநகரில் ஆளுக்கொரு பித்து உண்டு. உங்களுக்கு, உப்புத் தண்ணீரில் மீனும் பவளமும் வளர்க்கும் இந்தக் கடல் தொட்டி. நான் அதைச் சக்களத்தி என்றுதான் சொல்வேன். நடந்து போகிற தூரத்தில் கடல் இருக்க, வீட்டுக்குள் ஒரு கடலை வைத்துக்கொண்டு அதற்கு உப்பு கரைத்து ஊற்றும் புருஷனை வேறு என்ன சொல்லித் திட்டுவது? நீங்கள் கோபப்பட்டதே இல்லை. "இவளுக்கு வெளிச்சம் குடுக்கறது பெருசு இல்லம்மா. நேரத்துக்கு அணைக்கணும், அதான் வேல" என்பீர்கள்.

நீங்கள் போன பிறகு நடந்ததைச் சொல்கிறேன், சிரிக்கக் கூடாது. படத்துக்கு முன்னால் ஏற்றிய விளக்கு காரியம் முடியும்வரை அணையக் கூடாது இல்லையா? உங்கள் அக்கா தொட்டியையும் பார்த்தார். "புள்ள மாதிரி வளத்தான். இத மட்டும் இருட்டுல போடுவீங்களா?" என்று, நேரத்துக்கு அணைக்க நீங்கள் மாட்டியிருந்த டைமரைப் பிடுங்கிவிட்டு லைட்டை நேராகச் சொருகினார். இரவும் பகலும் எரிந்தது. எனக்கும் அது ஆறுதலாகத்தான் இருந்தது. துக்கம் கேட்க வந்தவர்களோ, "பாவம், அதுங்க பசியா கெடக்கும்" என்று ஆளுக்கு ஒரு சிட்டிகை தீனி போட்டுவிட்டுத்தான் போனார்கள்.

காரியம் முடிந்து பந்தலைப் பிரித்த அன்று பார்த்தால் தொட்டிக்குள் மீனே தெரியவில்லை. பாறையெல்லாம் முடி முடியாகப் பச்சைப் பாசி. பொத்தான் பொத்தானாக விரியும் உங்கள் பவளம் அதற்கடியில் வாயை மூடிக் கிடந்தது. "எடுத்துடலாம்மா, பாக்கவே கஷ்டமா இருக்கு" என்றான் மகன். எனக்கு உங்களை இரண்டாம் முறை தூக்கிக்கொண்டு போவது போல இருந்தது.

அந்தப் பவளத்தை முதலில் தன் தொட்டியிலிருந்து வெட்டிக் கொடுத்த உங்கள் சிதம்பரம் நண்பருக்குப் போன் போட்டேன். மறுநாளே பஸ் பிடித்து வந்து, கண்ணாடியில் மூக்கை ஒட்டிப் பார்த்தார். "பாசிக்கு விருந்து வெச்சிருக்கீங்க அண்ணி. வெளிச்சத்தயும் தீனியயும் கொறைங்க, பாசியக் கையால புடுங்குங்க. பவளம் இன்னும் சாவல." கிளம்பும்போதுதான் அதைச் சொன்னார். "என் தொட்டி போன மழையில கரண்ட் போயி அழிஞ்சிடுச்சி. அந்தப் பவளத்துல மிச்சம் இது ஒண்ணுதான்."

அப்புறம் எனக்கு வேறு வேலை இல்லை. டைமரை மறுபடி மாட்டினேன். உங்கள் பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்தேன், பிடுங்கினேன், தண்ணீர் மாற்றினேன். தீனி டப்பாவைப் பீரோவில் வைத்துப் பூட்டினேன். ஒரு வாரம் பாசி குறையும், மறு வாரம் திரும்ப முளைக்கும். உங்கள் படத்தைப் பார்த்துத் திட்டியும் இருக்கிறேன்.

போன வாரம் பவளம் விரிந்தது. ஓரத்தில் மிளகு அளவுக்குப் புதுப் பொத்தான் ஒன்று. சக்களத்தி பிழைத்துவிட்டாள் என்று வாய்விட்டு அழுதேன். இன்னும் கொஞ்சம் பெருகட்டும், ஒரு துண்டை எடுத்துக்கொண்டு சிதம்பரம் பஸ் ஏறுவேன்.

இன்று சாயங்காலம் டைமர் தன் நேரத்துக்குத் தொட்டி லைட்டை அணைத்தது. உங்கள் படத்தின் மேலுள்ள சின்ன பல்பு மட்டும் எரிந்துகொண்டிருந்தது. நீங்கள் போனதிலிருந்து அதை ஒரு நாளும் அணைத்ததில்லை. அணைத்தால் உங்களை விட்டுவிட்டதாக ஆகிவிடுமோ என்று பயம். உங்கள் அக்காவுக்குப் போன் செய்து, படத்து விளக்கையும் ராத்திரிக்கு அணைக்கப் போகிறேன் என்றேன். அவர் கேட்டது ஒன்றுதான்.

"காலையில போட்டுருவ இல்ல?"

"போட்டுருவேன்க்கா."

எழுந்து போய் அணைத்தேன். கையில் அந்த வாசனை இன்னும் இருந்தது.