சாக்கெட்டுக்குள் ஈரம்

ஞாயிறு, 2 நவம்பர் 2008

விடிந்ததிலிருந்து தூறல். துணி எதுவும் காயவில்லை. கம்ப்யூட்டர் மதர்போர்டும் போச்சு. இது இரண்டாவது.

மொட்டை மாடி அறை. டில்லிபாபு செம்புக் குவளையில் திரவ நைட்ரஜனை ஊற்ற, நான் பக்கத்தில். குவளைக்கு அடியில் ப்ராசஸர், குளிரக் குளிர அதன் வேகத்தை ஏற்றலாம். கடையில் வாங்கும்போது இருந்த வேகத்தைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு ஓடியது. டில்லி விசில் அடித்தான். அடித்து முடிப்பதற்குள் திரை கருப்பு.

கழற்றினேன். ப்ராசஸர் உட்காரும் சாக்கெட்டுக்குப் பின்பக்கம் தண்ணீர். ஐஸ் போட்ட டம்ளர் வெளியே வேர்ப்பது போலத்தான். டம்ளர் வேர்த்தால் மேஜை நனையும். இங்கே ஷார்ட்.

போர்டை ஈரம் படாமல் மூடுவது என் பொறுப்பு. பாலிடெக்னிக்கில் சேர்ந்து படித்த நாளிலிருந்தே அப்படி: ஆரம்பிப்பது டில்லி, உட்கார்ந்து செய்வது நான். அவனுக்கு மணலியில் கேஸ் நிரப்பும் கம்பெனியில் வேலை, நைட்ரஜன் வாங்கி வருவான். எனக்கு ராயபுரத்தில் ஒரு கம்ப்யூட்டர் சர்வீஸ் கடையில் வேலை.

ஏ.சி. போட்டு ஜன்னலை மூடினால் ஈரம் குறையும். மூடக் கூடாது. நைட்ரஜன் ஆவியாகி அறையை நிரப்பினால் மூச்சு முட்டிச் செத்துப்போவோம். திறந்தால் கடல் காற்று. திருவொற்றியூரில் உட்கார்ந்துகொண்டு இதைச் செய்ய நினைத்தோமே, எங்களைச் சொல்ல வேண்டும்.

செவ்வாய், 4 நவம்பர்

மழை இல்லை. புழுக்கம். வாங்க வேண்டியவை:

பிசைகிற அழிரப்பர், போர்டின் மேல் அப்ப (பாரிமுனை, படம் வரைகிற சாமான் கடை)
வாசலின், பெரிய டப்பா
ஏ.சி. குழாய்க்குச் சுற்றும் கருப்பு நுரை
டிஷ்யூ
அம்மாவுக்குத் தைராய்டு மாத்திரை

மாத்திரையை மறந்துவிட்டேன். மற்றதெல்லாம் வந்துவிட்டது. அம்மா வாசலின் டப்பாவைத் திறந்து பார்த்தாள்.

"மூஞ்சில பூசுறத மிஷினுக்குப் பூசிக்கினுகீற. உன் குதிகாலு வெடிச்சிக் கீது, அத்த மொதல்ல பாரு."

வெடித்துத்தான் இருக்கிறது. பூசவில்லை. டப்பா போர்டுக்கே பத்தாது.

வெள்ளி, 7 நவம்பர்

வெயில். கடையில் ஒரு பிரிண்டர், தாள் சிக்கி. அதற்குள் ஒரு குழந்தையின் ஹேர்பின்.

மதியம் சாப்பிடும் நேரத்தில் இன்டர்நெட்டில் அந்த ஃபோரத்தைத் திறந்தேன். ப்ராசஸரை ஓட்டி வேகக் கணக்குப் போடுகிறவர்கள் உலகம் பூராவும் இருந்து அங்கேதான் கூடுவார்கள். போன வாரம் நான் மூடிய போர்டின் படத்தை டில்லி போட்டிருந்தான். அழிரப்பரில் என் விரல் ரேகை தெளிவாகத் தெரிகிறது. வெளிநாட்டுக்காரர் ஒருவர் கேட்டிருக்கிறார், இவ்வளவு சுத்தமாக மூடியது யார் என்று.

டில்லியின் பதில்: நான்தான். பொறுமை வேண்டும்.

பொறுமை. டில்லிக்கு.

டிபன் பாக்ஸை அப்படியே மூடிவிட்டேன்.

சாயந்திரம் கடை வாசலுக்கு வந்தான். கேட்டுவிட்டேன். முகத்தைப் பார்க்காமல் சொன்னான்: "பொண்ணு பேரு போட்டா அங்க கலீஜா எழுதுவானுங்க, ஜமுனா. உன்காகத்தான் போடல."

"ஃப்ரெண்டு பண்ணதுன்னு போட்டா யாரு இன்னா எழுதப் போறான்?"

பஸ் வந்தது, ஏறிவிட்டேன். எனக்கான பஸ்கூட இல்லை அது.

ஞாயிறு, 9 நவம்பர்

மேகமூட்டம். எண்ணூர் அனல் மின்நிலையம் பக்கமிருந்து சாம்பல் வாடை.

டில்லி ஒன்றும் நடக்காத மாதிரி நைட்ரஜன் கேனோடு வந்தான். நீயே மூடிக்கொள் என்றேன். பொறுமை வேண்டும் என்றும் சொன்னேன். அம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை, இரண்டு பேருக்கும் டீ போட்டுக் கொடுத்தாள்.

அவன் மாடியில் போர்டு மூட, நான் கீழே துணி மடித்தேன். அவன் கூப்பிட்டதும் மேலே போனேன். பார்த்ததுமே தெரிந்துவிட்டது. இடது ஓரத்தில் அழிரப்பரை அழுத்தவே இல்லை, உள்ளே காற்று நிற்கிறது. வாயைத் திறக்கவில்லை.

ஊற்றினான். குவளை வெள்ளையாகப் பூத்தது. கொஞ்ச நேரத்தில் போர்டு செத்தது. பழைய வேகத்துக்குப் பக்கத்தில்கூடப் போகவில்லை.

சந்தோஷமாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். இல்லை. குப்பையில் போட இருந்ததை வாங்கி நான் சரிசெய்த போர்டு அது. அது என்ன பாவம் செய்தது? டில்லி மிச்ச நைட்ரஜனை மாடித் தரையில் கொட்டினான். புகை படியிறங்கிப் போவதைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

புதன், 12 நவம்பர்

மறுபடி தூறல். அம்மா மாத்திரை வாங்கியாயிற்று.

ஃபோரத்தில் என் பேரிலேயே கணக்குத் தொடங்கினேன். ஒரு பழைய போர்டை முதலிலிருந்து மூடி, படிப்படியாகப் படம் எடுத்துப் போட்டேன். குளிரை மட்டும் பார்க்கிறோம், குற்றவாளி உள்ளே மாட்டிக்கொண்ட காற்று என்று எழுதினேன். சாக்கெட்டின் ஓட்டையெல்லாம் வாசலின் நிரப்பு, காற்றுக்கு இடமே விடாதே. இடம் இல்லையென்றால் ஈரம் எங்கே வரும்?

என் இங்கிலீஷுக்கு நன்றாகவே வந்திருந்தது.

முதல் பதில் மதியமே வந்தது. டில்லியின் வேலையைப் பார்த்து அடித்த காப்பி போல் இருக்கிறதாம்.

திரும்பத் திரும்பப் படித்தேன். முதலில் சிரிப்பு. அப்புறம் பாத்ரூமில் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். கண் ஏன் சிவப்பு என்று முதலாளி கேட்டார். சால்டரிங் புகை என்றேன்.

வெள்ளி, 14 நவம்பர்

அந்தப் பதிலுக்குக் கீழே டில்லி எழுதியிருக்கிறான்: முன்னால் போட்ட படத்தில் இருப்பதும் ஜமுனா செய்ததுதான், நான் செய்தேன் என்றது பொய், எனக்கு ஊற்ற மட்டும்தான் தெரியும்.

இரண்டு பேர் அவனைக் கிண்டலடித்திருக்கிறார்கள். ஒருவர் என்னிடம் வாசலினைப் பற்றிச் சந்தேகம் கேட்டிருக்கிறார். அவருக்கு மட்டும் பதில் எழுதினேன்.

கோபம் போகவில்லை. ஊருக்கெல்லாம் எழுதத் தெரிந்தவனுக்கு எனக்கு ஒரு போன் போடத் தெரியவில்லை.

ஞாயிறு, 16 நவம்பர்

நல்ல வெயில். ஆனால் காற்று கடல் பக்கமிருந்துதான்.

டில்லி கேனோடு வந்து படிக்கட்டிலேயே நின்றான். அம்மாதான் மேலே போகச் சொன்னாள். நான் கடைசி போர்டை மூடி முடித்திருந்தேன். குனிந்து பார்த்தான், தொடவில்லை.

"நான் இன்னா செய்யட்டும்?"

"கீபோர்டுல உக்காரு. நான் ஊத்துறேன்."

அவன் கையுறை எனக்குப் பெரிது. முதல் ஊற்றலில் கொஞ்சம் வெளியே சிந்தியது. டில்லி சூட்டளவை மட்டும் படித்துக்கொண்டே இருந்தான். இறங்குது, இறங்குது, ஊத்து, நிறுத்து. வேகம் ஏறியது. பழைய அளவைத் தொடுவதற்கு ஒரு படி கீழே நின்றுவிட்டது. எவ்வளவு ஊற்றியும் அதற்கு மேல் ஏறவில்லை. போர்டு சாகவில்லை, ப்ராசஸர் அவ்வளவுதான். இத்தனையும் செய்து முன்னைவிடக் குறைவு. கேனைத் தூக்கி எறியலாம் போலிருந்தது.

"சேவ் பண்ணிடலாம்," என்றான். வேகத்துக்குச் சாட்சியாக ஒரு கோப்பு எழுதுகிற மென்பொருள். பேர் கேட்டது. எனக்கு இரண்டு கையிலும் கேன், திரும்பிப் பார்க்க முடியாது. டப் டப் என்று தட்டும் சத்தம் மட்டும் கேட்டது.

அணைத்து, எல்லாம் பழைய சூட்டுக்கு வந்த பிறகு கழற்றினோம். டில்லி சாக்கெட்டின் பின்பக்கம் டிஷ்யூவால் துடைத்தான். டிஷ்யூவில் வாசலின் மட்டும். ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. வேறொரு டிஷ்யூ எடுத்து மறுபடி துடைத்தான். இல்லை.

"ரெண்டு பேரு பேரும் போட்டுப் பாத்தேன். எடம் பத்தல," என்றான். "உன்னுத மட்டும் வெச்சிட்டேன்."

வேறு கம்ப்யூட்டரில் கோப்பைத் திறந்து பார்த்தேன். அவசரத்தில் இங்கிலீஷ் பேரின் நடுவில் ஒரு எழுத்தை விட்டிருக்கிறான். ஜம்னா. எழுதினது எழுதினதுதான், அந்தக் கோப்பை யாராலும் திருத்த முடியாது.

பாலிடெக்னிக்கில் மூன்று வருஷம் பக்கத்து பெஞ்ச், என் பேரைச் சரியாக எழுதத் தெரியவில்லை.